“ஒரே ஒரு தடவை பேசணும்”: பிரிவுக் காலத்து வன்முறையை அடையாளம் காண்பது

2023 மார்ச்சில், கோயம்புத்தூர் ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்துக்குள், வழக்கறிஞர்களும் காவலர்களும் நடமாடிக்கொண்டிருந்த வேளையில், பிரிந்து வாழ்ந்த ஒரு பெண்மீது அவருடைய கணவனே அமிலத்தை வீசினான். சில வாரங்கள் உயிருக்குப் போராடிய அந்தப் பெண் மருத்துவமனையில் இறந்துபோனார். அன்று அவர் நீதிமன்றத்துக்கு வந்தது விவாகரத்துக்காக அல்ல. தன்மேல் இருந்த வேறொரு வழக்குக்காக. பிரிந்துபோன மனைவி எந்தத் தெருவில் தங்கியிருக்கிறாள் என்பதை மறைக்கலாம். வாய்தா தேதியை மறைக்க முடியாது. அந்தத் தேதியில் அந்த வாசல் வழியாக அவள் வந்தே ஆக வேண்டும்.

இப்படி ஒரு கொலை நடந்தால், செய்தியில் “ஆத்திரத்தில்” என்ற சொல் தவறாமல் இடம்பெறும். மனைவி வீட்டை விட்டுப் போனாள், ஆத்திரம் கண்ணை மறைத்தது, கைக்குக் கிடைத்ததை எடுத்தான் என்று கதை முடிந்துவிடும். ஆய்வுகள் சொல்வது வேறு. இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் பல்கலைக்கழகக் குற்றவியல் ஆய்வாளர் ஜேன் மாங்க்டன் ஸ்மித், இணையரால் நடந்த 372 கொலைகளை ஆராய்ந்து 2019இல் ஒரு காலவரிசையை வெளியிட்டார். உறவு தொடங்குவதற்கு முன்பிருந்து கொலைவரை எட்டுக் கட்டங்கள். மூன்றாவது கட்டம், வாழ்க்கை முழுவதையும் பிடித்துக்கொள்ளும் கட்டுப்பாடு. நான்காவது, அந்தப் பிடி நழுவும் தருணம். பெரும்பாலும் அது பிரிவு, அல்லது பிரியப்போவதாக அவள் சொல்வது. அதன்பின் தொல்லை பெருகுகிறது, பிறகு அவனுடைய எண்ணம் மாறுகிறது, பிறகு திட்டமிடுகிறான். திடீரென்று பொங்கிய கோபமாக ஊர் பார்ப்பது, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ படிப்படியாக வந்த ஒன்று. படிகள் இருப்பதால்தான் இடையில் புகுந்து தடுக்கவும் வழி இருக்கிறது.

பிரிவை ஒட்டித்தான் ஆபத்து உச்சம் தொடுகிறது என்பதற்குச் சான்றுகள் பல பத்தாண்டுகளாகவே குவிந்து கிடக்கின்றன. ஆய்வாளர் ஜாக்குலின் கேம்பெல் தலைமையில் 11 அமெரிக்க நகரங்களில் நடந்து 2003இல் வெளியான ஆய்வு, கொலையான பெண்களையும் அடிபட்டும் உயிரோடிருக்கும் பெண்களையும் ஒப்பிட்டது. கடுமையாகக் கட்டுப்படுத்தும் ஆணோடு சேர்ந்து வாழ்ந்துவிட்டுப் பிரியும்போது, கொல்லப்படும் அபாயம் ஏறத்தாழ ஒன்பது மடங்காக உயர்கிறது என்று அது கண்டது. பிரிட்டனில் 2009 முதல் 2018 வரை ஆண்களால் கொல்லப்பட்ட பெண்களைக் கணக்கெடுத்த ‘ஃபெமிசைட் சென்சஸ்’ அறிக்கையும் இதே திசையைத்தான் காட்டுகிறது. கணவனாலோ காதலனாலோ கொல்லப்பட்டவர்களில் 43 சதவீதத்தினர் பிரிந்திருந்தவர்கள், அல்லது பிரிவதற்கான முயற்சியில் இறங்கியிருந்தவர்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் முதல் ஓராண்டுக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள்.

நம் ஊரில் அந்த ஓராண்டு எப்படிக் கழிகிறது? பெண் அம்மா வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடிப் பேசுகிறார்கள். மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுத்தால், அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது தருகிறார்கள், இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுகிறார்கள், “இனிமேல் அடிக்க மாட்டேன்” என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பி வைக்கிறார்கள். குடும்பநல நீதிமன்றத்துக்குப் போனால் அங்கும் முதலில் சமரசம். 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டமே அதைக் கடமையாக்கியிருக்கிறது. சமரசம் என்பதையே குறை சொல்ல நான் வரவில்லை. இரண்டு பேருக்குள் மனத்தாங்கல் என்றால் பேசித் தீர்ப்பதுதான் நல்லது. ஆனால் ஒருவர் மற்றவரைப் பிடியில் வைத்திருந்த வீட்டில், அந்தப் பிடியிலிருந்து அவள் விலகும் நேரமே உயிருக்கு மிகவும் ஆபத்தான நேரம். அந்த நேரத்தை நாம் சேர்த்து வைப்பதற்கான நேரமாக மட்டுமே பார்க்கிறோம். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இதுதான்: எச்சரிக்கை அடையாளங்கள் ஒளிந்து கிடப்பதில்லை. நம் கண்முன்தான் நடக்கின்றன. நாம் அவற்றைப் பாசம் என்றும் மனமாற்றம் என்றும் எடுத்துக்கொள்கிறோம்.

அமெரிக்கச் சட்ட அறிஞர் மார்த்தா மஹோனி 1991இல் இதற்குப் ‘பிரிவுத் தாக்குதல்’ என்று பெயர் வைத்தார். பிரிய விடாமல் தடுப்பது, பிரிந்தவளைத் திரும்பி வரவைப்பது, பிரிந்ததற்காகப் பழிவாங்குவது என எல்லாமே அதில் அடங்கும். “இவ்வளவு அடிபட்டும் அவள் ஏன் விட்டுவிட்டு வரவில்லை?” என்று கேட்கிறோமே, அந்தக் கேள்விக்கு மஹோனியின் விடை இதில் இருக்கிறது. போக முயன்றால் என்ன நடக்கும் என்று வேறு யாரையும்விட அவளுக்குத்தான் தெரியும்.

பிடி என்று சொல்வது எதை? அடியை மட்டும் அளவுகோலாக வைத்தால் இது புலப்படாது. எவன் ஸ்டார்க் என்ற சமூகவியலாளர் 2007இல் எழுதிய நூலில், குடும்ப வன்முறையின் மையம் அடி அல்ல, ஒரு பெண்ணின் சுதந்திரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிக்கும் கட்டுப்பாடு என்று வாதிட்டார். நம் வீடுகளில் அது எப்படி இருக்கும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஏ.டி.எம். கார்டும் பின் நம்பரும் அவனிடம். சம்பளம் வரும் கணக்கின் குறுஞ்செய்தி அவன் எண்ணுக்கு. தாலிக்கொடி தவிர மற்ற நகையெல்லாம் மாமியார் பீரோவில். கடைக்குப் போனால் இருபது நிமிடத்தில் திரும்ப வேண்டும். தாமதமானால் வீடியோ காலில் சுற்றிலும் காட்ட வேண்டும். அக்கா தங்கையோடு பேசினால் ஸ்பீக்கரில் போட வேண்டும். ஒருமுறைகூடக் கை ஓங்காத வீட்டிலும் இவ்வளவும் இருக்கும். “அடிச்சானாம்மா?” என்று கேட்கிற உறவினருக்கு அவள் “இல்லை” என்றுதான் சொல்வாள். “அப்புறம் என்ன, உன்மேல ஆசை ஜாஸ்தி” என்று அவர்களும் முடித்துவிடுவார்கள். உண்மையில் அடியே இல்லாமல் இப்படி வாழ்ந்த பெண் பிரியும்போது, வன்முறை முதன்முதலாகவும் மிகக் கொடூரமாகவும் வெளிப்படக்கூடும். பிடி நழுவிய பிறகு அவனிடம் மிச்சமிருக்கும் கருவி அது ஒன்றுதான்.

பிரிந்த பின் தெரியும் அடையாளங்களில் மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது கண்ணீர். அவளுடைய அம்மா வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். “அத்தை, குடியை விட்டுட்டேன், கோயில்ல சத்தியம் பண்ணிட்டேன். அவள ஒரே ஒரு தடவை வரச் சொல்லுங்க, பேசிட்டுப் போயிடுறேன்” என்கிறான். உள்ளே அம்மா மகளிடம், “மாப்பிள்ளை அழுவுறாருடி, பாக்கவே பாவமா இருக்கு. என்னன்னுதான் கேளேன்” என்கிறாள். மறுநாள் மறுபடி வருகிறான். அதற்கடுத்த நாள் அவள் வேலைக்குப் போகும் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறான். வீட்டில் யாரும் அதைப் பின்தொடர்வதாக நினைப்பதில்லை, மாப்பிள்ளை திருந்திவிட்டதாக நினைக்கிறார்கள். இங்கே கேட்க வேண்டிய கேள்வி அவன் அழுதது உண்மையா என்பதல்ல. அவள் “வேண்டாம்” என்று சொன்ன பிறகு அவன் என்ன செய்தான் என்பதுதான். திருந்தியவன் அந்த “வேண்டாம்” என்பதை ஏற்றுக்கொண்டு ஒதுங்கி நிற்பான். ஏற்காமல் இடம் மாற்றி, ஆள் மாற்றி, நேரம் மாற்றி வந்துகொண்டே இருப்பவன், அவள் விருப்பத்துக்கு இன்னமும் மதிப்பே கொடுக்கவில்லை. கடைசியாக ஒரு முறை தனியாகச் சந்திக்கலாம் என்கிற அழைப்பை, அது எவ்வளவு கனிவாக வந்தாலும், ஏற்கக் கூடாது.

அதே வரிசையில் வருவது தற்கொலை மிரட்டல். “நீ வரலைன்னா என்னைப் பொணமாத்தான் பாப்ப” என்று குரல் பதிவு அனுப்புகிறான். குடும்பம் பதறுகிறது, பழி நம் மேல் விழுந்துவிடுமே என்று பெண்ணையே போகச் சொல்கிறது. கேம்பெல் 1985இல் உருவாக்கி, இன்றுவரை பல நாடுகளில் பயன்படும் ஆபத்து மதிப்பீட்டுப் படிவத்தில் ஆணின் தற்கொலை மிரட்டலும் ஒரு கேள்வி. அவள் இல்லாத வாழ்க்கையே வேண்டாம் என்று முடிவுகட்டியவன், அவளும் வாழ வேண்டாம் என்ற முடிவுக்கு வருவதற்கு அதிக தூரமில்லை. அவன் உயிரைக் காக்க வேண்டியதும் கடமைதான். அதற்குக் காவல் துறையை 112இல் அழைக்கலாம், அவன் அண்ணனை அனுப்பலாம். அவளை அனுப்பக் கூடாது.

கழுத்து நெரிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். “ஒரு தடவ கழுத்தைப் பிடிச்சிட்டாரு, அப்புறம் விட்டுட்டாரு” என்று பெண்கள் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுவார்கள். கன்னத்தில் விழுந்த அறையைச் சொல்லும் அளவுக்குக்கூட இதற்கு அழுத்தம் கொடுக்க மாட்டார்கள். காயம் தெரியாததும் ஒரு காரணம். இணையரால் முன்பு ஒருமுறை கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னர் அவனாலேயே கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் அதிகம் என்று நான்சி கிளாஸும் சக ஆய்வாளர்களும் 2008இல் கண்டறிந்தார்கள். எத்தனை வருடத்துக்கு முன் நடந்திருந்தாலும், இதைக் கேள்விப்படுகிறவர்கள் உடனே விழித்துக்கொள்ள வேண்டும். நெரித்தது அண்மையில் என்றால், வெளியே தடம் இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்ல வேண்டும். மூச்சுத்திணறல், குரல் கம்மல், விழுங்கும்போது வலி, கண்ணில் சிவப்புப் புள்ளி ஆகியவற்றைக் கேட்டுப் பதிவுசெய்வது மருத்துவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய வேலை.

கைபேசி இன்று தனி உலகம். பிரிந்து வந்தவளின் பழைய கூகுள் கணக்கு அவன் கைபேசியிலும் திறந்தே கிடக்கும். அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்பது வரைபடத்தில் தெரியும். வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ பகுதிக்குப் போய்ப் பார்த்தால், அவளுக்குத் தெரியாத கணினி ஒன்று இணைந்திருக்கும். எண்ணைத் தடுத்து வைத்தால் பணம் அனுப்பும் செயலி வழியாக ஒரு ரூபாய் வரும், கூடவே ஒரு வரி மிரட்டல். இது கற்பனை அல்ல. 2020இல் ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் வங்கி மூன்று மாதப் பரிவர்த்தனைகளைச் சலித்தபோது, சில காசுகள் அனுப்புவதைச் சாக்காக வைத்து 8,000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்கு வசைச் செய்திகள் போயிருப்பது தெரியவந்தது. கண்காணிப்பைக் கண்டுபிடித்தவுடன் அணைத்துவிடத்தான் கை போகும். அதற்கு முன் எல்லாவற்றையும் படமெடுத்து, நம்பிக்கையான வேறொரு கைபேசிக்கு அனுப்பி வைப்பது நல்லது. கண்காணிப்பு நின்றது அவனுக்கும் தெரிந்துவிடும், அந்த நாளில் அவன் நேரில் கிளம்பி வரலாம். அதனால் இருப்பிடம் பாதுகாப்பானது என்று உறுதிசெய்துகொண்ட பிறகே இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.

குழந்தையும் வழக்கும் அவளை எட்ட அவனுக்குக் கிடைக்கும் மற்ற இரண்டு வழிகள். பள்ளிவிட்டு வரும் பிள்ளையிடம் “அம்மா எங்க தங்கியிருக்கா, வீட்டுக்கு யார் வர்றா?” என்று விசாரிப்பான். சனிக்கிழமை கூட்டிப்போனால் ஞாயிறு இரவுவரை திருப்பி அனுப்பாமல் அவளை அலைய விடுவான். இன்னொரு பக்கம், சேர்ந்து வாழக் கோரி ஒரு மனு, பிள்ளை யாருக்கு என்று ஒரு மனு, அவள் வேலை பார்க்கும் இடத்துக்கு மொட்டைக் கடிதம். ஒவ்வொரு வாய்தாவும் அவளைப் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு.

சட்டம் எங்கே நிற்கிறது? உலகில் பல சட்டங்கள் பிரிவுக்குப் பிந்தைய வன்முறையைத் தாமதமாகத்தான் கவனித்தன. இங்கிலாந்து 2015இல் கட்டுப்பாட்டு வன்முறையைக் குற்றமாக்கியபோது, முன்னாள் இணையர் என்றால் இருவரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. பிரிந்து வேறு வீட்டுக்குப் போன பெண் அதற்கு வெளியே நின்றாள். 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதைத் திருத்தி, 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் நம் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் முன்னோடி. எப்போதாவது ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்திருந்தால் போதும், அந்தப் பெண் பாதுகாப்புக் கோரலாம். நீதிமன்றம் மூலம் பிரிந்து வாழும் மனைவியும் இதைக் கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் சொன்னது. மனு போடும் நேரத்தில் அந்த வீட்டில் வசித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்று 2022இல் பிரபா தியாகி வழக்கில் தெளிவுபடுத்தியது. உடல் காயத்தோடு சொல்வன்முறை, மனத்தைப் புண்படுத்துதல், பணத்தை முடக்குதல் ஆகியவையும் வன்முறை என்றே சட்டத்தில் எழுதப்பட்டிருக்கின்றன.

அதிகம் பேசப்படாத இன்னொரு சட்டப் பிரிவும் உண்டு. மனைவியை வன்புணர்வதை நம் சட்டம் இன்னும் குற்றமாக ஏற்கவில்லை. ஆனால் பிரிந்து வாழும் மனைவியிடம் அவள் சம்மதமின்றி உறவு கொள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 67ஆவது பிரிவின்படி குற்றம். தண்டனை 2 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டுவரை. நீதிமன்ற ஆணை பெற்றுத்தான் பிரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. “பொண்டாட்டிதானே” என்ற பதில் அங்கே செல்லாது.

குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2006ஆம் ஆண்டு விதிகளைப் பொறுமையாக வாசித்தால் வியப்புதான் வருகிறது. பாதுகாப்பு அலுவலர், நிலைமை எவ்வளவு ஆபத்தானது என்று மதிப்பிட்டு, பெண்ணோடு கலந்து ‘பாதுகாப்புத் திட்டம்’ ஒன்றைப் படிவம் 5இல் தயாரிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. எந்தக் கொடுமைக்கு அஞ்சுகிறாள், அதைத் தடுக்க எந்த ஆணை வேண்டும் என்று வரிசையாக எழுதும் படிவம். ஆலோசனை பற்றிய விதியும் கூர்மையானது. வன்முறையில் ஈடுபட மாட்டேன் என்று எதிர்மனுதாரர் உறுதி கொடுக்க வேண்டும். தன் வன்முறைக்கு நியாயம் கற்பிக்க அவரை அனுமதிக்கக் கூடாது. “அவ எதிர்த்துப் பேசினா, அதான் அடிச்சேன்” என்ற பேச்சை எடுக்கவே இடமில்லை. கூடி உட்காரும் நம் பஞ்சாயத்துகள் பாதி நேரம் அந்தப் பேச்சிலேயே கழிகின்றன. மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்கோ, ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கோ போகும் பெண், “படிவம் 5 எழுத வேண்டும்” என்று வாய்விட்டுக் கேட்கலாம். கேட்கும் உரிமை அவளுக்கு இருக்கிறது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பதும் தடையில்லை. வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம். பெண்கள் உதவி எண் 181 இரவு பகலாக இயங்குகிறது.

ஆனால் பெரும்பாலான பெண்கள் இந்தக் கதவுகளுக்கு வருவதே இல்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38 சதவீதத்தினர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். நாடு முழுவதற்கும் அது 29 சதவீதம். உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம் மட்டுமே. வாய் திறப்பவர்களும் முதலில் சொல்வது அம்மாவிடம், அக்காவிடம், பக்கத்து வீட்டுக்காரரிடம். அதனால் முதல் பதில் அவர்களிடமிருந்துதான் வர வேண்டும். “என்ன பிரச்சினை?” என்று பொதுவாகக் கேட்பதைவிடக் குறிப்பாகக் கேட்க வேண்டும். எப்போதாவது கழுத்தைப் பிடித்தானா? கொன்றுவிடுவேன் என்றானா, சொன்னபோது நீ நம்பினாயா? கத்தி, அரிவாள், பெட்ரோல் என்று எதையாவது எடுத்துக் காட்டினானா? சமீப காலத்தில் தொல்லை அடிக்கடி வருகிறதா, கடுமையாகிறதா? பிள்ளைகளை ஏதாவது செய்துவிடுவதாகச் சொன்னானா? அவள் பயப்படுகிறாள் என்றால் அதை அப்படியே நம்ப வேண்டும். அவள் பயப்படவில்லை என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடையக் கூடாது. கேம்பெல்லின் ஆய்வில் கொலையான பெண்களில் ஏறத்தாழ பாதிப்பேர் தங்கள் ஆபத்தின் அளவைக் கணித்திருக்கவில்லை.

இன்னும் கிளம்பாத பெண்ணுக்கு: போகிறேன் என்பதை அவனிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். சண்டையின் நடுவே சொல்லவே சொல்லாதீர்கள். ஆதார், ரேஷன் கார்டு நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்புக், மருத்துவச் சீட்டுகள் ஆகியவற்றைப் படமெடுத்து அக்காவின் கைபேசியில் வைத்திருங்கள். அவன் வேலைக்குப் போயிருக்கும் பகலில் கிளம்புங்கள். மிச்சமிருக்கும் சேலையையும் பாத்திரத்தையும் எடுக்கத் தனியாகத் திரும்பிப் போகாதீர்கள். காவலர் துணையோடு போகலாம், இல்லை போனால் போகட்டும். அவன் எண்ணிலிருந்து வரும் எதையும் அழிக்காதீர்கள், பதிலும் எழுதாதீர்கள். வாய்தா நாளில் தனியாகப் போகாமல், நீதிமன்ற வாசலுக்கு வழக்கறிஞரோ அண்ணனோ வந்து அழைத்துப்போக ஏற்பாடு செய்யுங்கள். அவன் வளாகத்துக்குள் வந்துவிட்டான் என்ற அச்சம் இருந்தால், அங்கே பணியில் இருக்கும் காவலரிடம் முன்பே சொல்லுங்கள். பிள்ளையை ஒப்படைப்பது உங்கள் வீட்டு வாசலில் வேண்டாம். நீதிமன்றம் குறிக்கும் இடத்திலோ, நாலு பேர் இருக்கும் இடத்திலோ, வேறொரு பெரியவர் மூலமாக நடக்கட்டும்.

ஆபத்து கூடும் நாட்களையும் முன்கூட்டியே யூகிக்கலாம். அவனுக்கு வக்கீல் நோட்டீஸ் கிடைக்கும் நாள், ஜீவனாம்ச உத்தரவு வரும் நாள், பிள்ளை தாயிடம்தான் என்று தீர்ப்பாகும் நாள், அவள் வேலையில் சேர்ந்ததோ மறுமணப் பேச்சோ அவன் காதுக்கு எட்டும் நாள். அந்த நாட்களுக்கு முன்பே இடைக்காலப் பாதுகாப்பு ஆணை கையில் இருக்க வேண்டும். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 23ஆவது பிரிவின்படி, எதிர்த் தரப்பு வருவதற்குக் காத்திராமல் பிரமாணப் பத்திரத்தின் அடிப்படையிலேயே நீதித்துறை நடுவர் அந்த ஆணையை வழங்கலாம். அவள் வீட்டுக்கும் அவள் வேலை செய்யும் இடத்துக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் அவன் வரக் கூடாது, எந்த வழியிலும் தொடர்புகொள்ளக் கூடாது என்று இடங்களைக் குறிப்பிட்டே கேட்க வேண்டும். மீறினால் ஓராண்டுவரை சிறை, 20,000 ரூபாய்வரை அபராதம். ஆணையின் நகலை நீதிமன்றம் இலவசமாகத் தர வேண்டும். அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கும் அனுப்ப வேண்டும். அது போய்ச் சேர்ந்துவிட்டதா என்று நிலையத்துக்கே போய்க் கேட்டு, ஒரு பிரதியைப் பள்ளித் தலைமையாசிரியரிடமும், இன்னொன்றை வேலை பார்க்கும் இடத்தின் காவலாளியிடமும் அவனுடைய புகைப்படத்தோடு கொடுத்துவைக்க வேண்டும்.